ஓய்வெடுத்தும் தளராத உடம்புக்கு: தசைத் தளர்வுப் பயிற்சி, படிப்படியாக

பாயில் படுத்து அரை மணி நேரம் ஆன பிறகும் ஒருவர் பல்லைக் கடித்துக்கொண்டே இருக்கலாம். டிவி முன்னால் சாய்ந்திருப்பவரின் தோள்கள் காதை நோக்கி ஏறியிருக்கும். அது அவருக்கே தெரியாது. வேலையை நிறுத்துவது ஓய்வு, படுப்பது ஓய்வு, ஊர் சுற்றுவது ஓய்வு, தூங்குவதும் ஓய்வுதான். எல்லாமே வேண்டியவை. ஆனால் நாள் முழுக்கச் சேர்ந்த தசை இறுக்கம் இவற்றால் தானாக இறங்கிவிடும் என்று எதிர்பார்க்க முடியாது. கழுத்து வலி, தாடை வலி, மாலைத் தலைவலி, படுத்ததும் ஓடத் தொடங்கும் யோசனை என்று அவதிப்படுகிறவர்களில் பலர் போதுமான நேரம் படுத்துத்தான் இருக்கிறார்கள். எந்தத் தசை இப்போது தேவையில்லாமல் வேலை செய்கிறது என்று கண்டுபிடித்து அதை நிறுத்தத்தான் அவர்களுக்குத் தெரியவில்லை. இதைப் பழகிக்கொள்ளலாம்: ஒவ்வொரு தசையாகச் சில விநாடி முறுக்கி (இறுக்கி), சட்டென்று விட்டு, அந்த வித்தியாசத்தைக் கவனிப்பதுதான் வழி.

இந்த முறையின் மூலவர் சிகாகோவைச் சேர்ந்த மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன் (1888–1983). ஹார்வர்டில் மாணவராக இருந்தபோது 1908-இல் ஆய்வைத் தொடங்கி, 1929-இல் முழு முறையையும் நூலாக வெளியிட்டார். தசை சுருங்கும்போது அதற்கென்று ஒரு மெல்லிய உணர்வு உண்டு. அதை அடையாளம் காணத் தெரிந்தவருக்குத்தான் அதை நிறுத்தவும் முடியும் என்பது அவர் கண்டது. ஒரு நாளைக்கு ஒரே ஒரு தசை என்ற கணக்கில் மாதக்கணக்காகக் கற்றுக்கொடுத்தார். 1950-களில் தென்னாப்பிரிக்க உளமருத்துவர் ஜோசப் வோல்பே, அச்சத்துக்கான சிகிச்சையோடு சேர்ப்பதற்காக இதைச் சில அமர்வுகளுக்குள் சுருக்கினார். 1973-இல் அமெரிக்க உளவியலாளர்கள் டக்ளஸ் பெர்ன்ஸ்டீனும் தாமஸ் பார்க்கோவெக்கும் பதினாறு தசைக் குழுக்கள் கொண்ட வரிசையாக இதை ஒழுங்குபடுத்தினார்கள். கீழே வருவது அந்த வரிசைதான்.

இப்படி முறையைச் சுருக்கியபோது ஒரு விஷயம் பின்னுக்குப் போய்விட்டது. தசையை முறுக்குவதுதான் மருந்து என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். பலமாக முறுக்கினால் பலமாகத் தளரும் என்று நம்பி, முகம் சிவக்க முறுக்கி, மறுநாள் கழுத்து வலியோடு எழுகிறார்கள். ஜேக்கப்சனைப் பொறுத்தவரை முறுக்குவது, 'இதைத்தான் செய்யக் கூடாது' என்று உடம்புக்கு ஒரு முறை காட்டிக்கொடுப்பதற்காக மட்டும். முதல் இரண்டு வாரம் முக்கால் பலத்தில் முறுக்குவதில் தவறில்லை. புதிதாகப் பழகுகிறவருக்கு மெல்லிய இறுக்கம் பிடிபடாது. அதன் பிறகு அரைப் பலம், பிறகு கால் பலம் என்று குறைத்துக்கொண்டே வர வேண்டும். கடைசியில் முறுக்கவே தேவையிருக்காது.

தொடங்கும் முன்

இருபத்தைந்து நிமிடம் யாரும் கூப்பிடாத நேரம் வேண்டும். வயிறு நிறையச் சாப்பிட்ட கையோடு செய்தால் தூக்கம் வந்துவிடும். காபி குடித்த உடனே செய்தால் இதயத் துடிப்பு கவனத்தை இழுக்கும். முதல் இரண்டு வாரம் காலை ஒரு முறை, மாலை ஒரு முறை செய்வது நல்லது. ஒரு வேளைதான் முடியும் என்றால் ஒரு வேளை போதும், ஆனால் நாள் தவறக் கூடாது.

தலையைத் தாங்கும் அளவுக்கு முதுகு உயர்ந்த நாற்காலி இருந்தால் அதுவே முதல் தேர்வு. படுத்தால் தூங்கிவிடுகிறவர்கள் அதிகம். தூங்கியவர் எதையும் கற்பதில்லை. சாதாரண பிளாஸ்டிக் நாற்காலி என்றால் அதைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, தலைக்கும் சுவருக்கும் இடையே மடித்த துண்டை வையுங்கள். தரையில் செய்வதானால் பாயின் மேல் ஜமுக்காளமோ கனமான போர்வையோ விரித்துக்கொள்ளுங்கள். தலைக்கு உயரமான தலையணை வேண்டாம், 5 செ.மீ. உயரத்துக்கு மடித்த துண்டு போதும். இடுப்பு வலி உள்ளவர்கள் முழங்காலுக்கு அடியில் ஒரு தலையணை வைத்தால் கீழ்முதுகு தரையோடு படியும். கைகள் உடம்பை ஒட்டாமல் சற்றுத் தள்ளி இருக்கட்டும். கால்களைக் குறுக்கே போட வேண்டாம்.

கண்ணாடி, கைக்கடிகாரம், பெல்ட், கான்டாக்ட் லென்ஸ் ஆகியவற்றைக் கழற்றிவிடுங்கள். புடவைக்கட்டோ நாடாவோ இடுப்பைப் பிடித்தால் தளர்த்திக்கொள்ளுங்கள். தளர்ந்த உடம்பு சீக்கிரம் குளிரும். மின்விசிறிக்கு நேர் கீழே படுத்தால் பத்தாவது நிமிடத்தில் தோள்கள் மறுபடி குறுகும். மெல்லிய போர்வையைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கொசுத் தொல்லை இருக்கும் வீட்டில் கொசுவலைக்குள் செய்வதைவிட நல்ல யோசனை இல்லை.

சிலர் முறுக்கும் பகுதியைத் தவிர்க்க வேண்டும். கட்டுப்படாத இரத்த அழுத்தம், இதய நோய், சமீபத்தில் அறுவை சிகிச்சை, கழுத்துத் தண்டில் வட்டு (டிஸ்க்) விலகல் உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். கேட்கும்வரை முறுக்காமல் விடுவதை மட்டும் பழகலாம். கண்ணில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் கண்ணை இறுக்கி மூடக் கூடாது. பல் செட் வைத்திருப்பவர்கள் பல்லைக் கடிக்கும் படியை விட்டுவிடுங்கள். கர்ப்பத்தின் பிற்பாதியில் இருப்பவர்கள் மல்லாந்து படுக்காமல் இடது பக்கம் சாய்ந்து படுத்தோ நாற்காலியில் உட்கார்ந்தோ செய்ய வேண்டும். எலும்பு முறிவு, சுளுக்கு, மூட்டு வீக்கம் இருக்கும் இடத்தைத் தொடவே வேண்டாம். வரிசையில் அதைத் தாண்டிப் போங்கள்.

முதல் பாடம்: மணிக்கட்டு மட்டும்

பதினாறு குழுக்களுக்குள் நேரடியாக இறங்காமல் முதல் நாளை இதற்கு மட்டும் ஒதுக்குங்கள். இந்த ஒரு பாடத்தில்தான் மற்ற எல்லாம் அடங்கியிருக்கிறது.

வலது முன்கையை நாற்காலிக் கையின் மேலோ தரையிலோ உள்ளங்கை கீழ்நோக்கி இருக்கும்படி வையுங்கள். முன்கை அசையாமல், கையை மட்டும் மணிக்கட்டில் மடக்கி விரல்கள் மேலே பார்க்கும்படி தூக்குங்கள். அப்படியே பத்து எண்ணும்வரை வைத்திருங்கள். இரண்டு உணர்வுகள் தெரியும். மணிக்கட்டின் மடிப்பில் ஓர் அழுத்தம். அது பளிச்சென்று தெரியும். முழங்கைக்குக் கொஞ்சம் கீழே, முன்கையின் மேல்புறத்தில் இன்னொன்று: மங்கலாக, லேசாக, எங்கே என்று சுட்டிக்காட்டச் சிரமமாக இருக்கும். முதலாவது மூட்டு இழுபடுவது. இரண்டாவதுதான் தசை வேலை செய்யும் உணர்வு. பெரும்பாலோர் முதலாவதையே இறுக்கம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். இடது கை விரல்களை அந்த முன்கைச் சதை மேல் வைத்துப் பார்த்தால் கையைத் தூக்கும்போது அது திரள்வது தெரியும். அந்த இடத்தின் உணர்வைத்தான் தேடுகிறீர்கள்.

இப்போது கையை விடுங்கள். மெதுவாக இறக்கி வைப்பதும் ஒரு வேலை, அதுவும் தசை செய்வதுதான். இறக்கி வைக்காமல், பிடித்திருப்பதை நிறுத்துங்கள். கை தானாக விழும். பிறகு மூன்று நிமிடம் ஒன்றும் செய்யாமல் அந்த முன்கையை மட்டும் கவனியுங்கள். மறுபடி தூக்குங்கள், விடுங்கள். மூன்று முறை போதும்.

சரியாக விட்டோமா என்று தெரிந்துகொள்ள வீட்டில் யாரையாவது உதவிக்குக் கூப்பிடலாம். அவர் உங்கள் மணிக்கட்டைப் பிடித்து முன்கையை ஒரு சாண் உயரம் தூக்கி, சொல்லாமல் விட வேண்டும். கை பொத்தென்று விழுந்தால் தளர்ந்திருக்கிறது. ஒரு கணம் காற்றில் நின்றுவிட்டு இறங்கினாலோ, அவர் தூக்கும்போது நீங்களும் சேர்ந்து தூக்கினாலோ, இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். உதவி செய்வதாக நினைத்துக் கையைத் தூக்கிக்கொடுப்பது மிகவும் சாதாரணமாக நடப்பது.

பதினாறு குழுக்கள்

எல்லாக் குழுவுக்கும் கணக்கு ஒன்றே. 5 முதல் 7 விநாடி முறுக்குங்கள். ஒரே நொடியில் முழுவதுமாக விடுங்கள். 30 முதல் 40 விநாடி அந்த இடத்தைக் கவனியுங்கள். அதே குழுவை இன்னொரு முறை செய்யுங்கள். இரண்டாம் முறை ஒரு நிமிடம்வரை கவனிக்கலாம். ஒரு குழுவுக்கு ஏறத்தாழ ஒன்றரை நிமிடம், பதினாறுக்கும் சேர்த்து இருபத்தைந்து நிமிடம் ஆகும். முறுக்கும்போது மூச்சைப் பிடிக்கக் கூடாது. இதற்கு எளிய வழி, முறுக்கும் விநாடிகளை வாய்விட்டு எண்ணுவது. எண்ணிக்கொண்டே மூச்சைப் பிடிக்க முடியாது.

வலக்கைக்காரர் வலப்பக்கத்திலும் இடக்கைக்காரர் இடப்பக்கத்திலும் தொடங்குங்கள். வேலை செய்து பழகிய கையில் உணர்வு சீக்கிரம் பிடிபடும்.

முதல் குழு, பழகிய கையும் முன்கையும்: முஷ்டி பிடியுங்கள். நகம் உள்ளங்கையில் குத்துமானால் பலம் அதிகம். இரண்டாவது, அதே பக்கத்து மேல்கை: முழங்கையை நாற்காலிக் கையின் மேலோ தரையிலோ கீழ்நோக்கி அழுத்துங்கள். இந்த நேரத்தில் விரல்கள் தளர்ந்தே இருக்க வேண்டும், இது முதலில் கடினம். விரல்களும் சேர்ந்து மடங்கினால் பலத்தைக் குறையுங்கள். மூன்றும் நான்கும் மறு கைக்கு.

ஐந்தாவது நெற்றி. புருவத்தை மேலே தூக்குங்கள், விடுங்கள். ஆறாவது கண்ணைச் சுற்றியும் மூக்கும்: கண்ணை இறுக்கி மூடி மூக்கைச் சுருக்குங்கள். ஏழாவது தாடையும் வாயும்: பற்களைச் சேர்த்துக் கடித்து, வாயின் ஓரங்களைக் காதை நோக்கிப் பின்னுக்கு இழுங்கள். அரைப் பலத்துக்கு மேல் கடிக்க வேண்டாம். விட்டதும் பற்களுக்கு இடையே இடைவெளி விழ வேண்டும், உதடுகள் லேசாகத் திறக்க வேண்டும். உதடு மூடியிருந்தாலும் பற்கள் தொடாமல் இருக்கலாம். பகலிலும் இதைக் கவனியுங்கள். சாப்பிடும்போதும் எச்சில் விழுங்கும்போதும் தவிர மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொட்டுக்கொண்டிருக்கத் தேவையே இல்லை.

எட்டாவது கழுத்து. மோவாயை மார்பை நோக்கி இழுங்கள், அதே சமயம் அது மார்பைத் தொடாதபடி எதிர்த்துப் பிடியுங்கள். முன்கழுத்தும் பின்கழுத்தும் ஒன்றையொன்று இழுக்கும், லேசாக நடுங்கும். இதற்குப் பாதிப் பலம் போதும். கழுத்தைச் சுழற்றவோ பின்னால் தொங்கவிடவோ வேண்டாம்.

ஒன்பதாவது மார்பு, தோள், மேல்முதுகு. இரண்டு தோள்பட்டை எலும்புகளும் பின்னால் சந்திக்கப்போவதுபோல் இழுங்கள். இந்த ஒரு குழுவில் மட்டும் ஆழமாக மூச்சை இழுத்துச் சில விநாடி நிறுத்தி, விடும்போது மூச்சையும் சேர்த்து விடுவது வழக்கம். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மூச்சை நிறுத்தும் பகுதியை விட்டுவிடுங்கள். பத்தாவது வயிறு: யாரோ வயிற்றில் குத்த வந்தால் எப்படிக் கெட்டிப்படுத்துவோமோ அப்படி. விட்டதும் வயிறு முன்னே தள்ளிக்கொண்டு வரும். அது அப்படித்தான் வர வேண்டும். வயிற்றை உள்ளே இழுத்தபடியே இருந்து பழகியவர்களுக்கு இந்தக் குழுதான் வெகு நாள் எடுக்கும்.

பதினொன்று, தொடை: முழங்காலை நீட்ட முயல்வதும் மடக்க முயல்வதும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும், மேல்தொடையும் பின்தொடையும் கெட்டியாகும். பன்னிரண்டு, கெண்டைக்கால்: பாதத்தின் விரல்களை முகத்தை நோக்கி இழுங்கள். பதின்மூன்று, பாதம்: விரல்களை முன்னே நீட்டி, பாதத்தைச் சற்று உள்பக்கம் திருப்பி, விரல்களை மடக்குங்கள். பாதத்துக்கு மட்டும் 5 விநாடிக்கு மேல் போகக் கூடாது. கெண்டைச்சதை பிடித்துக்கொள்வது பெரும்பாலும் இங்கேதான் நடக்கும். பிடித்துக்கொண்டால் முழங்காலை நீட்டி, கையால் கால்விரல்களை உங்கள் பக்கம் இழுத்து, பிடிப்பு விடும்வரை வைத்திருங்கள். அன்றைக்கு அந்தக் காலை மறுபடி முறுக்க வேண்டாம். பதினான்கு முதல் பதினாறுவரை மறு காலுக்கு.

முடிந்ததும் இரண்டு நிமிடம் அப்படியே இருங்கள். எழும்போது முதலில் கால்விரல், பிறகு கைவிரல், பிறகு தலை, கடைசியாகக் கண். படுத்திருந்தால் பக்கவாட்டில் புரண்டு, கையை ஊன்றி உட்கார்ந்து, ஒரு நிமிடம் கழித்து நில்லுங்கள். இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் சட்டென்று எழுந்தால் கிறுகிறுக்கும்.

கண்ணும் நாக்கும்

கை கால் நன்றாகத் தளர்ந்த பிறகும் மனம் ஓடிக்கொண்டே இருக்கிறது என்பதுதான் மூன்றாவது வாரத்தில் பலரும் சொல்லும் குறை. பதினாறு குழு வரிசையில் இதற்கு விடை இல்லை. ஜேக்கப்சனின் பழைய முறையில் இருக்கிறது. சுருக்கப்பட்ட பெரும்பாலான வடிவங்களில் விட்டுப்போன இந்தப் பகுதிதான் எங்கள் கணிப்பில் முழுப் பயிற்சியிலும் மதிப்புள்ளது.

தசைகளில் எழும் மிக நுண்ணிய மின்னோட்டத்தை அளக்கும் கருவிகளைக் கொண்டு அவர் சோதித்தார். வலது கையை மடக்குவதாகக் கற்பனை செய்யச் சொன்னால், கை அசையாமலே அந்தக் கைத் தசையில் மின்னோட்டம் தெரிந்தது. ஒன்றை மனக்கண்ணில் பார்க்கச் சொன்னால் கண் தசைகளிலும், மனதுக்குள் பேசச் சொன்னால் நாக்கு, உதடு ஆகிய பேச்சுத் தசைகளிலும் அதேபோல் தெரிந்தது. ஓடும் யோசனையை நிறுத்து என்று கட்டளையிட முடியாது. அதோடு சேர்ந்து அசையும் கண்ணையும் நாக்கையும் தளர்த்த முடியும்.

கண்ணுக்கு: இமைகளை மூடிக்கொண்டு, தலை அசையாமல், வலது பக்கம் பாருங்கள். கண்ணின் ஓரத்தில் ஓர் இழுப்பு தெரியும்வரை வைத்திருங்கள். விடுங்கள்; நேராகப் பார்க்க முயலாமல், பார்ப்பதையே விடுங்கள். இடப்பக்கம், மேலே, கீழே என்று ஒவ்வொன்றும் இரண்டு முறை. ஒவ்வொன்றுக்குப் பிறகும் ஒரு நிமிடம். அடுத்து, மூடிய கண்ணுக்குள் ஒரு பேனா வலமிருந்து இடமாக மெதுவாக நகர்வதாகக் கற்பனை செய்யுங்கள். கண்கள் அதைத் தொடர்வதை உணர்வீர்கள். மேற்கூரையையும் தரையையும் மாறி மாறிப் பார்ப்பதாக நினையுங்கள். பிறகு எதையும் பார்க்காமல் விடுங்கள்.

நாக்குக்கு: ஒன்று முதல் பத்துவரை சாதாரணக் குரலில் எண்ணுங்கள். நாக்கு, உதடு, தாடை, தொண்டை, மார்பு எங்கெல்லாம் வேலை நடக்கிறது என்று கவனியுங்கள். அடுத்த முறை பாதிக் குரலில். அடுத்து முணுமுணுப்பாக. அடுத்து உதட்டசைவு மட்டும், ஒலி இல்லாமல். கடைசியாக மனதுக்குள் மட்டும் எண்ணுங்கள். ஒவ்வொரு படியிலும் உணர்வு சிறிதாகிக்கொண்டே வரும், ஆனால் மனதுக்குள் எண்ணும்போதும் நாக்கின் அடியில் ஒரு மெல்லிய துடிப்பு மிச்சமிருக்கும். அதைப் பிடித்துவிட்டால் அதை விடுங்கள். நாக்கு மேல்வாயில் ஒட்டிக்கொண்டிருந்தால் கீழே, வாயின் தரையில் தளர்ந்து கிடக்கட்டும்.

இதைச் செய்யும்போது யோசனை சில விநாடி நின்று மறுபடி தொடங்கும். தொடங்கியதும் அது பார்ப்பதா பேசுவதா என்று மட்டும் கேளுங்கள். பார்ப்பது என்றால் கண்ணை விடுங்கள், பேசுவது என்றால் நாக்கை விடுங்கள். எதைப் பற்றிய யோசனை என்று உள்ளே போக வேண்டாம். பத்து நிமிடத்தில் முப்பது முறை இப்படிச் செய்ய நேர்ந்தாலும் அது நல்ல பயிற்சிதான்.

மூச்சைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. வெளிமூச்சின்போது இதயத் துடிப்பு சற்றுக் குறைகிறது, உள்மூச்சின்போது கூடுகிறது. அதனால் வெளிமூச்சு நீளமாக இருப்பது உதவும். நான்கு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விட்டால் நிமிடத்துக்கு ஆறு மூச்சு வரும். தசைப் பயிற்சிக்கு முன் இரண்டு நிமிடம் இதைச் செய்யலாம். பெரிய பெரிய மூச்சாக இழுக்க வேண்டாம். உதடும் விரல்நுனியும் சுறுசுறுவென்று மரத்தாலோ தலை லேசானாலோ, அதிகமாக மூச்சு விட்டு இரத்தத்தில் கரியமில வாயுவைக் குறைத்துவிட்டீர்கள். எண்ணுவதை விட்டுவிட்டு இயல்பாக மூச்சு விட்டால் ஓரிரு நிமிடத்தில் சரியாகிவிடும்.

எங்கே தவறுகிறது

முதல் தவறு, தளர முயல்வது. 'தளர வேண்டும், தளர வேண்டும்' என்று உந்துவதும் ஒரு முயற்சி. நெற்றி சுருங்கும், மூச்சு நிற்கும். முறுக்குவதற்குத்தான் முயற்சி வேண்டும். விடுவதற்கு, செய்துகொண்டிருந்ததைச் செய்யாமல் இருப்பது தவிர வேறு வேலை இல்லை. 'தளர்ந்துவிட்டதா?' என்று கேட்டுக்கொள்வதற்குப் பதில் 'இங்கே என்ன தெரிகிறது?' என்று கேளுங்கள். கனம், சூடு, துடிப்பு, ஒன்றும் தெரியவில்லை எதுவானாலும் சரியான விடைதான்.

பதற்றம் உச்சத்தில் இருக்கும்போது முதல் முறையாக எடுத்துப் பார்ப்பதும் தவறு. தேர்வு அறைக்கு வெளியே நின்று பத்து நிமிடத்தில் இதைக் கற்க முடியாது. ஒரு நாள் பலன் தெரியவில்லை என்று கைவிடுகிறவர்கள் பெரும்பாலும் அப்படித் தொடங்கியவர்கள்.

தளரும்போது கை கால் திடீரென்று துள்ளலாம், வயிறு இரையலாம், எச்சில் ஊறலாம், கண்ணீர் வழியலாம். இவற்றால் கேடில்லை. ஆனால் சிலருக்குத் தளரத் தளரப் பயம் வரும். மிதப்பதுபோல், பிடி நழுவுவதுபோல் தோன்றி, இதயம் படபடக்கும். இது அரிதல்ல, ஆய்வாளர்கள் 1980-களிலேயே பதிவு செய்திருக்கிறார்கள். எப்போதும் விழிப்பாகவே இருந்து பழகிய உடம்புக்குக் காவலை விடுவதே ஆபத்தாகப் படுகிறது. அப்படியானால் கண்ணைத் திறந்துகொண்டு, உட்கார்ந்து, கைகள் இரண்டை மட்டும் ஐந்து நிமிடம் செய்யுங்கள். ஒரு வாரத்துக்குப் பிறகு முகத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய கொடுமையான நினைவுகள் கிளம்பி வந்தால் தனியாகத் தொடராமல் உளவியல் ஆலோசகரோடு சேர்ந்து செய்வதே சரி.

செல்போனில் பதிவு செய்த குரலைக் கேட்டுச் செய்வது முதல் வாரத்துக்கு வசதி. உங்கள் குரலிலேயே, இடைவெளிகளைக் கடிகாரம் பார்த்து விட்டுப் பதிவு செய்துகொள்ளலாம். ஆனால் பதிவு உங்களுக்காகக் காத்திருக்காது; கழுத்து இன்னும் விடாதபோதே தோளுக்குப் போய்விடும். வரிசை மனப்பாடம் ஆனதும் நிறுத்திவிடுங்கள்.

இருபத்தைந்து நிமிடத்திலிருந்து அரை நிமிடத்துக்கு

ஒவ்வொரு குழுவும் இரண்டே சுற்றில் தளர்கிறது, அப்படி நான்கைந்து நாள் தொடர்ந்து நடக்கிறது என்றால் குழுக்களைச் சேர்க்கலாம். முதலில் ஏழு: ஒரு கை முழுவதும், மறு கை, முகம், கழுத்து, மார்பும் வயிறும், ஒரு கால், மறு கால். பிறகு நான்கு: இரு கைகள், முகமும் கழுத்தும், உடல், இரு கால்கள். நான்குக்கு வரும்போது பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். பொதுவாக இதற்கு ஐந்தாறு வாரம் ஆகும். அவசரப்பட்டு இறங்கினால் கழுத்தும் தாடையும்தான் பின்தங்கும். அவற்றை மட்டும் தனிக் குழுவாக வைத்துக்கொண்டு மற்றவற்றைச் சேர்ப்பதில் தவறில்லை.

அடுத்த படியில் முறுக்குவது கிடையாது. நான்கு குழுக்களையும் ஒவ்வொன்றாகக் கவனித்து, மிச்சமிருக்கும் இறுக்கத்தைக் கண்டுபிடித்து, முன்பு விட்டபோது எப்படி இருந்தது என்று நினைவுபடுத்திக்கொண்டு விடுங்கள். ஒவ்வொன்றுக்கும் அரை நிமிடம். யோகா வகுப்பில் கடைசியாகச் செய்யும் சவாசனம் கிட்டத்தட்ட இதுதான். பிணம்போல் மல்லாந்து கிடப்பது களைப்பைப் போக்கி மனதுக்கு இளைப்பாறல் தரும் என்று பழைய யோக நூலான ஹடயோகப் பிரதீபிகையே சொல்கிறது. சவாசனத்தில் ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்கிறவர்களுக்கு எதை விடுவது என்று பிடிபடவில்லை. முறுக்கிப் பழகிவிட்டு அதே ஆசனத்துக்குத் திரும்பினால் வித்தியாசம் தெரியும்.

இது கைவந்ததும் ஒரு சொல்லைச் சேர்த்துக்கொள்ளுங்கள். முழுவதும் தளர்ந்த நிலையில், ஒவ்வொரு வெளிமூச்சோடும் மனதுக்குள் 'விடு' என்று சொல்லுங்கள். நாளைக்கு இருபது மூச்சு, இரண்டு வாரம். சொல்லும் தளர்வும் சேர்ந்து பழகியபின் சொல்லை நினைத்தாலே தோள் இறங்கும். ஸ்வீடன் உளவியலாளர் லார்ஸ்-யோரான் ஓஸ்ட் 1987-இல் வெளியிட்ட முறையில், கைக்கடிகாரத்திலோ தொலைபேசியிலோ சிறிய வண்ணப் பொட்டு ஒட்டி, அது கண்ணில் படும்போதெல்லாம் தளர்த்தச் சொல்கிறார். ஒரு நாளில் பதினைந்து, இருபது முறை. ஒவ்வொரு முறையும் ஒன்றிலிருந்து மூன்று மூச்சு. பொட்டு பழகிப்போய்க் கண்ணில் படாமல் போகும். வாரம் ஒரு முறை நிறத்தை மாற்றுங்கள்.

வேலை நடுவிலும் இதைக் கொண்டுவர முடியும். எந்த வேலைக்கும் சில தசைகள் வேண்டும், மற்றவை வேண்டியதில்லை. காய் நறுக்கக் கையும் முன்கையும் வேண்டும், தாடை வேண்டாம். மவுஸைப் பிடிக்க விரல்கள் வேண்டும், தோள் காதருகே இருக்க வேண்டாம். ஸ்கூட்டர் ஓட்ட ஹேண்டில்பாரில் கை போதும், வயிற்றைக் கெட்டியாக வைத்திருப்பதால் வண்டி ஒழுங்காகப் போகப்போவதில்லை. தையல் மெஷினில் குனிந்திருப்பவர் நெற்றியைச் சுருக்காமலும் நூல் கோக்கலாம். நின்றுகொண்டிருக்கும் சிக்னலில் இதைச் சரிபாருங்கள். ஓடும் வண்டியில் கவனம் சாலையில் மட்டும் இருக்கட்டும்.

தூக்கத்துக்காகப் பழகுகிறவர்கள் முதல் மூன்று வாரம் படுக்கையில் செய்யாமல் பகலில் செய்யுங்கள். இரவில் கற்கத் தொடங்கினால் ஒவ்வொரு இரவும் 'தூக்கம் வருகிறதா' என்ற சோதனையாகிவிடும். படுக்கையில் முறுக்கும் வடிவம் வேண்டாம், விடும் வடிவமும் கண், நாக்குப் பகுதியும் மட்டும் போதும்.

தளரக் கூடாத ஒரு நேரம்

இரத்தத்தையோ ஊசியையோ பார்த்தால் மயங்கி விழுகிறவர்களுக்கு இந்தப் பயிற்சி எதிராக வேலை செய்யும். மற்ற பயங்களில் இரத்த அழுத்தம் ஏறும். இவர்களுக்கு ஏறிய அழுத்தம் சட்டென்று இறங்கிவிடுவதால்தான் மயக்கம் வருகிறது. அந்த நேரத்தில் தளர்ந்தால் இன்னும் இறங்கும். இவர்களுக்காக ஓஸ்ட் வகுத்த முறை நேர்மாறானது: கை, கால், உடல் தசைகளை ஒருசேர முறுக்கி, முகத்தில் சூடு ஏறும்வரை 10 முதல் 15 விநாடி வைத்திருங்கள். பிறகு இயல்பு நிலைக்கு மட்டும் திரும்புங்கள், அதற்குக் கீழே தளர வேண்டாம். 20 முதல் 30 விநாடி இடைவெளி விட்டு மறுபடி, ஐந்து முறை. வீட்டில் ஒரு வாரம் பழகிவிட்டு இரத்தம் எடுக்கும் இடத்துக்குப் போங்கள். மயங்கி விழுவது உண்டு என்று எடுப்பவரிடம் முன்பே சொல்லுங்கள். ஊசி போடும் கையை மட்டும் தளர்வாக வைத்துக்கொண்டு, மறு கையையும் கால்களையும் முறுக்குங்கள்.